பத்தொன்பதே முக்கால்

தராசில் ஏறும்போது எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் எடை குறையாது என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை. தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் வயிற்றை எக்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று மதியம் உங்கள் ஏட்டு ஒருவர் என் பட்டறைக்கு வந்து ஒரு தராசை மேசைமேல் இறக்கிவைத்தார். பள்ளிக்கூடத்து மல்யுத்தக் கூடத்தில் இருந்த தராசு. "இது சரியா எடை காட்டுதான்னு பாத்து ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, கேஸுக்கு வேணும்" என்றார். எடைக்கருவி பழுதுபார்க்க லைசென்ஸ் வைத்திருப்பவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். அதனால் என்னைத் தேடி வந்ததில் அவர்மேல் குற்றமில்லை. செத்துப்போன பெண்ணின் அப்பா நான்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

சான்று எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி போதும். தராசு சரியாக இருக்கிறது என்று எழுதினால் மல்யுத்த மாஸ்டர் உள்ளேயே இருப்பார். பிள்ளைகளைப் பட்டினி போட்டு ஒருத்தியைக் கொன்றவர் என்று அவரைப் பிடித்துவைத்து இன்றோடு ஆறு வாரம். அவருடைய மனைவி தினமும் என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதுவிட்டுப் போகிறாள். அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே மகள். பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. அணியில் பதினொரு பெண்கள், அவர்களுக்குள் இவளுக்கு உடும்பு என்று பெயர். எதிராளியின் காலை ஒருமுறை பிடித்துவிட்டாளென்றால், விசில் ஊதி மாஸ்டரே வந்து விரலைப் பிரித்தாலொழிய விடமாட்டாள். வீட்டில் அவள் பாப்பா.

சின்ன வயதில் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். 'அப்பா, நீ தள்ளு', 'அப்பா, நீ சும்மா இரு, உனக்குத் தெரியாது.' பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒருநாள் அது 'நீங்க' ஆகிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "பொண்ணு பெரியவளாயிட்டா, மரியாதை தானா வந்துருச்சு பாருங்க" என்று என் மனைவி பூரித்துப்போனாள். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. 'சாப்பிட்டீங்களா', 'இதுல கையெழுத்துப் போடுங்க', 'வரேன்' என்று வங்கியில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசுவதைப்போல இருந்தது. அறைக் கதவும் மூடிக்கொண்டது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

மல்யுத்தத்தில் எடைப் பிரிவுகள் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் நாற்பத்தெட்டரை கிலோ இருந்தாள். நாற்பத்தொன்பது பிரிவில், இரண்டு வருடமாக யாரிடமும் தோற்காத ஒருத்தி இருந்தாள். நாற்பத்தாறில் அப்படி யாருமில்லை. ஜெயித்தால் வேறு ஊரில் விளையாட்டு விடுதிப் பள்ளியில் இடம் கிடைக்கும். நாற்பத்தாறில் நிற்கிறேன் என்று முடிவு செய்தது அவள்தான். மாஸ்டர் யோசித்தார். "நாலு மாசம் இருக்கு, மெதுவா எறக்கலாம். முடியலேன்னா நாப்பத்தொம்பதுக்கே மாறிக்கலாம், ஒண்ணும் குடி முழுகிடாது" என்றார். இதை அவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

என் பட்டறை வீட்டின் முன்னறைதான். சுவரோரம் ஆள் எடை பார்க்கும் தராசு ஒன்று எனக்கென்றே வைத்திருந்தேன். ஐம்பது ஐம்பது கிராமாகக் காட்டும். பாப்பா காலையில் ஒருமுறை, பள்ளி விட்டு வந்து ஒருமுறை ஏறத் தொடங்கினாள். அவள் ஏறுவாள், நான் படித்து ஒரு நோட்டில் எழுதுவேன். எடை சொன்னபடி இறங்கியிருந்தால் "தாங்க்ஸ்பா" என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டிக்கொண்டே அறைக்குள் போய்விடுவாள். மூன்றாவது வாரம் ஒருநாள் முந்நூறு கிராம் கூட இருந்தது. ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"நீயே பாருப்பா, காலையிலேர்ந்து ரெண்டே ரெண்டு வாழைப்பழம். எப்படி ஏறும்? நீயே சொல்லு."

நான் கையில் வைத்திருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். மூன்று வருடம் கழித்துக் காதில் விழுகிறது அந்தச் சொல். அன்று ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தாள். கணக்கு சாரின் விக் மின்விசிறிக் காற்றில் ஒருபக்கம் தூக்கிக்கொண்ட கதையைச் சொன்னாள், எழுந்து நடித்தும் காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த இரண்டு வாரமும் கவனித்துப் பார்த்தேன். எடை சரியாக இருந்தால் 'நீங்க', அறைக் கதவு, போன். எடை கூடியிருந்தால், பசியில் களைத்திருந்தால், 'நீ'. ஒருநாள்கூடத் தவறவில்லை.

தராசுக்குத் தானாக எடை தெரியாது, ஐயா. நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். அடியில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்திக்கொண்டு இருபது கிலோ எடைக்கல்லை மேலே வைத்தால், இருபது என்பது இவ்வளவு என்று அது மனப்பாடம் செய்துகொள்ளும். நான் இருபதுக்குப் பதில் பத்தொன்பதே முக்கால் வைத்தேன். அப்படி வைத்தால் நாற்பத்தாறு கிலோ இருக்கும் பெண்ணை நாற்பத்தாறரைக்கு மேல் என்று காட்டும். கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைப்பதில்லையா, பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று? அந்த மாதிரிதான் இதுவும், போட்டியன்று பிள்ளை மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன்.

பாப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. வராமல் இருக்குமா? அடுக்களையிலிருந்து ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தராசில் வைத்தாள். ஒரு கிலோ என்று கச்சிதமாகக் காட்டியது. கூடுதலாகக் காட்டுவது எடைக்குத் தகுந்தபடி வளரும். ஒரு கிலோவுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கிராம்தான் வரும், ஐம்பது கிராமாகக் காட்டும் தராசில் அது தெரியவே தெரியாது. தொழில் தெரிந்தவனைத் தவிர வேறு யாருக்கும் இது உறைக்காது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சாரிப்பா. உன்னப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு."

"பரவால்லம்மா" என்றேன். அன்று ராஜாபோல இருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

பத்து நாள் கழித்துப் பள்ளித் தராசு அறுநூறு கிராம் குறைத்துக் காட்டுகிறது என்று வந்து சொன்னாள். எங்கள் தராசைத்தான் சர்க்கரை வைத்துச் சோதித்தாயிற்றே, அதனால் கெட்டுப்போனது பள்ளித் தராசுதான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். மாஸ்டரிடமும் அப்படியே சொன்னாள். அவர் எனக்குப் போன் செய்து, "சார், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்றார். பையை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு தராசும் ஒன்றையே காட்ட வேண்டும், அதற்கு வேறு வழியில்லை, அதிலும் பத்தொன்பதே முக்கால்தான் வைத்தேன். அந்தப் பதினொரு பெண்களும் அதன்மேல்தான் ஏறினார்கள். அவர்கள் வீட்டில் சாப்பாட்டைக் குறைத்ததும், அதில் இரண்டு பேர் காலை அணிவகுப்பில் மயங்கி விழுந்ததும் அதனால்தான். அதற்காகத்தான் மாஸ்டர்மேல் பெற்றோர் எல்லோரும் புகார் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக நான் வருத்தப்பட்டேன். தராசில் கைவைத்த அன்று மாஸ்டர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார், தோளில் தட்டி, "உங்க பொண்ணு தங்கம் சார்" என்றார்.

தங்கம்தான். சோறு முன்னால் இருக்கும், நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பாள். தோழியின் பிறந்தநாளுக்குப் போய் கேக்கை வாயில் போட்டு, கழிவறைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன் என்று சொன்னாள். வெயிலில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினாள். எச்சில் ஊற வேண்டுமென்று மிட்டாயைச் சப்பிச் சப்பி ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே படிப்பாள். பாயில் உரசி உரசி இடது காது வீங்கிப் பணியாரம்போல ஆகிவிட்டது. மாதவிலக்கு நின்றுபோனது. அதை அவள் அம்மாவிடம் சொன்னாள், அவள் அம்மா என்னிடம் சொன்னாள்.

என் மனைவி தையல் ஆலையில் மேற்பார்வை பார்க்கிறாள். காலை ஷிப்ட், ஐந்தரைக்கே கிளம்பிவிடுவாள். பள்ளிப் பாவாடையின் இடுப்பை இரண்டாம் முறை பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எடையக் குறைக்கறாளா, ஆளையே குறைக்கறாளா? நீங்க சொன்னா கேப்பா. இப்பல்லாம் உங்க பேச்சுதான் அவளுக்கு வேதம். கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொல்கிறேன் என்றேன். உங்க பேச்சுதான் வேதம் என்று அவள் சொன்னதை அன்று முழுக்க மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மாதம் பத்தொன்பதே முக்காலைப் பத்தொன்பதரை ஆக்கினேன். அவள் இறங்கிக்கொண்டே வந்தாள், நான் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. நாலாவது மாதம் பத்தொன்பதே கால். ஒவ்வொரு முறையும் பள்ளித் தராசையும் மாதாந்தர சர்வீஸ் என்று போய்ச் சரிசெய்துவிட்டு வந்தேன். ஒருநாள் இருநூறு கிராம் மிச்சம் என்றதும் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். இடுப்புவரைக்கும் இருந்த முடி. வெட்டியதைக் காகிதத்தில் சுற்றிக் கையில் எடுத்து வந்திருந்தாள். "இதுக்கு எவ்ளோ இருக்கும்னு நீயே நிறுத்துப் பாருப்பா" என்றாள். சின்னத் தராசில் நிறுத்துச் சொன்னேன். சின்னத் தராசு சரியாக இருந்தது. ஐயா, கடைகளுக்குச் செய்துகொடுத்த தராசுகளில் ஒன்றில்கூட நான் கை வைத்ததில்லை. அரசு முத்திரையை உடைத்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தராசு இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் யாரும் கேட்கவில்லை. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, சுளுக்குக்குத் தைலம் வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைத் தராசில் ஏறியிருக்கிறாள். நாற்பத்தைந்து காட்டியிருக்கிறது. எங்கள் தராசில் அன்று காலை நாற்பத்தாறே முக்காலுக்கு மேல். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ரெண்டு கிலோ கிட்டக்கக் குறைச்சுக் காட்டுதுப்பா. 'எங்கப்பா தராசு மெக்கானிக்கு, அவர வந்து பாக்கச் சொல்றேன்'னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்தேன். பாவம், போய்ச் சரி பண்ணிக் குடுத்துடு."

மறுநாள் போனேன். அங்கே இருந்த ஒழுங்கான தராசைக் கெடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கடையில் சின்னப் பிள்ளைகளை நிறுத்துத்தான் காய்ச்சல் மருந்துக்கு அளவு சொல்வார்கள். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இந்தக் காகிதத்தைப் படித்து முடிக்கும் முன்பு ஓர் ஆளை அனுப்பி அதில் எடை பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி அந்தக் கடைசி நாள். மற்ற பத்துப் பெண்களும் மாஸ்டரோடு மதியமே பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். பாப்பா எடையை முடித்துவிட்டு மறுநாள் விடிகாலை என்னோடு வருவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாடு என்னுடையது. சாயங்காலம் நாலு மணிக்குத் தராசில் ஏறினாள். நாற்பத்தாறு முந்நூற்றைம்பது என்று காட்டியது. நான் மனதில் கணக்குப் போட்டேன். நிஜத்தில் நாற்பத்து நாலு அறுநூறு. ஏழு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாலும் அவள் நாற்பத்தாறைத் தாண்டியிருக்க மாட்டாள்.

உதடு வெடித்திருந்தது. "அப்பா, ஒரே ஒரு வாய் தண்ணி. முழுங்கமாட்டேன், கொப்பளிச்சுத் துப்பிடறேன்."

"வேணாம்மா, தெரியாம உள்ள போயிடும். இன்னும் முந்நூத்தம்பது இருக்கு. நாளைக்கு ஆசைதீரக் குடிச்சுக்கலாம்."

சரி என்று தலையாட்டினாள். அப்போது போன் வந்தது. பஸ்ஸிலிருந்து மாஸ்டர். "பாப்பா எடை எப்படி சார் இருக்கு? கொஞ்சம் ஏறக்குறைய இருந்தா விட்டுடுங்க. நாப்பத்தொம்பதுல பேர் மாத்த ராத்திரி எட்டு மணி வரைக்கும் டைம் இருக்கு. புள்ள சாப்பிட்டுத் தூங்கட்டும்." நான் எல்லாம் சரியாக இருக்கிறது சார், கவலைப்படாதீர்கள் என்று சொன்னேன். அவர் போனிலும் என் போனிலும் நேரம் பதிவாகியிருக்கும், நாலு பன்னிரண்டு.

பள்ளி மைதானத்துக்கு இருவரும் நடந்தே போனோம். மழைக்கோட்டுக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். நான் ஓரத்தில் நின்று சுற்றுகளை எண்ணினேன். நாலாவது சுற்று முடிந்ததும் என் பக்கத்தில் வந்து தோளில் சாய்ந்தாள். விடுதிக்குப் போய்விட்டால் வாராவாரம் வந்து பார்க்கிறாயா என்று கேட்டாள். வருவேன் என்றேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவளைப் படுக்கையோடு நிறுத்தபோது நாற்பத்து மூன்றே முக்கால் இருந்தாள். உடம்பில் உப்பும் நீரும் தாறுமாறாகி இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். "நாப்பத்தாறுதானே வேணும், எதுக்கு இவ்வளவு?" என்று என் மனைவி ஒவ்வொருவரிடமும் கேட்டாள். மாஸ்டரிடமும் கேட்டாள். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது கடைசி வரைக்கும் கூட இருந்தீங்களே, எனக்கு அது போதும்" என்று அழுதாள். அவளை எதிரில் உட்காரவைத்து இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவள்மேல் எனக்குப் பாசம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். உயிரையே வைத்திருந்தேன். அதனால்தான் இவ்வளவும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு வரும்போது ஓர் இடத்தைத் தாண்டிவந்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் போட்டி அதிகாரிகளின் தராசில் ஏற வேண்டும். என் கை படாத தராசு அது. நாற்பத்து நாலரை என்று காட்டும். பாப்பா மக்கு இல்லை, சர்க்கரை, பள்ளி, மருந்துக்கடை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆகாது. அதன்பிறகு என்னை நீ என்றும் சொல்ல மாட்டாள், நீங்க என்றும் சொல்ல மாட்டாள்.

ஆறாவது சுற்றில் அவளுக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. வியர்வை நின்றால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று மாஸ்டர் பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார், நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்று, "போதுமாப்பா?" என்று கேட்டாள். இன்னும் நாலு சுற்று என்றேன். எடை குறையட்டும் என்று அதைச் சொல்லவில்லை. விழட்டும் என்று சொன்னேன். விழுந்தால் ஒருநாள் ஆஸ்பத்திரியில் கிடப்பாள், எடை பார்க்கும் நேரம் தாண்டிவிடும், அந்தத் தராசில் அவள் ஏறவே வேண்டியிருக்காது. மயக்கம் வரைக்கும்தான் நினைத்தேன், ஐயா.